பொதுப் பணத்தில் பாதுகாப்புச் சோதனை, திறந்த மூலத்துக்கு மட்டும் ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சில அரசுகள், மென்பொருளில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைத் தேடப் பொதுப் பணத்தைச் செலவு செய்து வருகின்றன. இப்படிப்பட்ட திட்டங்கள் பல திறந்த மூல மென்பொருளுக்காகவே நடக்கின்றன. "அதற்கு மட்டும் ஏன்? தனியுரிம மென்பொருள் என்ன பாவம் செய்தது?" என்ற கேள்வியும் கூடவே வருகிறது. அதற்கும் அதை ஒட்டிய மற்ற கேள்விகளுக்கும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொதுப் பணம் பொது நிரலுக்குத்தான் போக வேண்டும். ஆனால் பிழையைத் தேடுகிறவரோடு நின்றுவிடாமல், அதைத் திருத்துகிறவர் கைக்கும் அது போய்ச் சேர வேண்டும்.

திறந்த மூலம், தனியுரிமம் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

மூல நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம் என்று உரிமம் தந்தால் அது திறந்த மூலம். லினக்ஸ், பயர்பாக்ஸ், விஎல்சி எல்லாம் இந்த வகை. நிரலை நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொண்டு, கணினியில் ஓடும் வடிவத்தை மட்டும் விற்றால் அது தனியுரிமம். விண்டோஸ், போட்டோஷாப் போன்றவை.

கோடு இவ்வளவு தெளிவாக இருப்பது சொல்லும்போது மட்டும்தான். காசு கொடுத்து வாங்கும் தனியுரிமப் பொருளைத் திறந்து பார்த்தால், உள்ளே பாதி திறந்த மூல நூலகங்களாக (பிறர் எழுதி வைத்த, எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் நிரல்தொகுப்புகளாக) இருக்கும். கீழே சீன நிறுவனமான ஹுவாவே பற்றி வரும் பகுதியில் இதைப் பார்க்கலாம்.

மென்பொருளைச் சோதிக்க அரசு ஏன் காசு கொடுக்க வேண்டும்?

ஊர் ஏரியை நினைத்துப் பாருங்கள். எல்லார் வயலுக்கும் அதிலிருந்துதான் தண்ணீர். மதகு இற்றுப்போனால் எல்லாருக்கும் நட்டம். ஆனால் மதகைப் பார்த்துக்கொள்வது யாருடைய தனிப்பட்ட வேலையும் இல்லை. அதற்காகத்தான் குடிமராமத்து என்ற ஏற்பாடே இருந்தது. சொந்தக் கிணற்றுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. கிணற்றுக்காரர் தூர்வாரிக்கொள்வார், தண்ணீரை விற்றால் காசும் அவருக்கே.

இணையத்தின் அடித்தளத்தில் இருக்கும் திறந்த மூல நிரல்கள் ஏரி மாதிரி. வங்கி, மருத்துவமனை, ரயில்வே, வரித்துறை எல்லாமே அவற்றின் மேல்தான் ஓடுகின்றன. அவற்றைப் பராமரிப்பவர்கள் பல இடங்களில் இரண்டு மூன்று பேர்தான், அதுவும் வேலை முடிந்த பிறகு கிடைக்கும் நேரத்தில்.

இதெல்லாம் எப்போது தொடங்கியது?

பெரிய அளவில் பேசப்பட்ட முதல் முயற்சி 2006 ஜனவரியில் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, மூன்று ஆண்டுகளுக்கு 12.4 லட்சம் டாலர் ஒதுக்கியது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சுமார் 8.41 லட்சம், கவரிட்டி நிறுவனத்துக்கு 2.97 லட்சம், பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான சைமான்டெக்குக்கு 1 லட்சம். கவரிட்டி, ஸ்டான்போர்டில் டாசன் எங்லரின் ஆய்வுக்குழுவிலிருந்து வந்த நிறுவனம். நிரலை ஓட்டிப் பார்க்காமலே, வரிவரியாகப் படித்து "இந்த வழியாகப் போனால் இங்கே தவறும்" என்று சுட்டிக்காட்டும் கருவி அவர்களுடையது.

மார்ச் மாதம் முதல் முடிவுகள் வெளிவந்தன. 32 திறந்த மூல மென்பொருள் திட்டங்கள், 1 கோடியே 75 லட்சம் நிரல்வரிகள். சராசரியாக ஆயிரம் வரிக்கு 0.434 பிழை. லினக்ஸ், அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி போன்றவற்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் 0.290.

எனக்குப் பிடித்தது அமாண்டாவின் கதை. அது காப்பு நகல் எடுக்கும் மென்பொருள். அந்த முதல் பட்டியலில் ஆயிரம் வரிக்கு 1.237 பிழையோடு கடைசி இடத்தில் இருந்தது. அதன் பராமரிப்பாளர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். 2008 ஜனவரியில் கருவி காட்டிய பிழைகளைத் திருத்தி அடுத்த படிக்கு ஏறிய 11 திட்டங்களில் பெர்ல், பைத்தான், சம்பா, போஸ்ட்பிக்ஸ் ஆகியவற்றோடு அமாண்டாவும் இருந்தது. மூடிய நிரலாக இருந்திருந்தால் கடைசி இடம் வெளியே தெரிந்தே இருக்காது.

அந்தச் சோதனையில் உருப்படியாக என்ன கிடைத்தது?

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். லினக்ஸ் திரையில் சாளரம், சுட்டி எல்லாம் தெரிவதற்குக் காரணமான எக்ஸ் சர்வர் அன்று பெரும்பாலும் ரூட் (கணினியில் எதையும் செய்யக்கூடிய முதன்மைப் பயனர்) அதிகாரத்தோடு ஓடும். அதனால் சில கட்டளைகளை ரூட் பயனரிடமிருந்து மட்டும்தான் அது ஏற்க வேண்டும். "கேட்பவர் ரூட்தானா?" என்று பார்க்க நிரலில் ஒரு வரி இருந்தது. அந்த வரியில் ஒரு செயற்கூற்றின் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டின்) பெயருக்குப் பின்னால் வர வேண்டிய இரண்டு பிறை அடைப்புக்குறிகள் விட்டுப்போயிருந்தன.

அவ்வளவுதான். சி மொழியில் அடைப்புக்குறி இல்லையென்றால் செயற்கூறு ஓடாது. நினைவகத்தில் அது இருக்கும் முகவரி பூஜ்யமா என்றுதான் அந்த வரி சோதிக்கும். முகவரி ஒருபோதும் பூஜ்யமாக இருக்காது. ஆகவே யார் கேட்டாலும் "சரி, உள்ளே வா" என்றுதான் பதில். கணினியில் சாதாரணக் கணக்கு வைத்திருக்கும் யாரும் ரூட் ஆகிவிடலாம். நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலர் இதைத் தவறென்று நிறுத்தாது. படிக்கிறவர் கண்ணும் இயல்பாகத் தாண்டிப் போய்விடும். கருவி பிடித்தது. 2006 மார்ச் 20 அன்று எக்ஸ் குழு எச்சரிக்கையும் திருத்தமும் வெளியிட்டது.

தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது நினைவிருக்கலாம். அதிலும் திரையை ஓட்டியது எக்ஸ்தான். வாஷிங்டன் கொடுத்த பணத்தில் அடைத்த ஓட்டை, எங்கோ ஓர் அரசுப் பள்ளி மாணவியின் கணினியிலும் அடைந்தே வந்தது. அவர் அதற்காக எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கவில்லை.

திறந்த மூலத்துக்கு மட்டும் இலவசச் சோதனை என்றால், தனியுரிம நிறுவனங்களுக்கு அது அநியாயம் இல்லையா?

இந்தக் கேள்வியை நான் அலட்சியப்படுத்தவில்லை. அரசு அலுவலகங்களே விண்டோஸில் ஓடுகின்றன. அதில் ஓட்டை இருந்தாலும் குடிமக்கள்தான் பாதிக்கப்படுகிறார்கள்.

ஆனால் பணம் எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள். பொது நிரலில் ஒரு பிழையைத் திருத்தினால், பயன்படுத்தும் எல்லாருக்கும் அதன் பலன் போகும். அதே நூலகத்தைத் தன் பொருளுக்குள் வைத்து விற்கும் தனியுரிம நிறுவனத்துக்கும்தான். மூடிய நிரலில் அரசு காசு போட்டுப் பிழை தேடினால், திருத்தத்தின் மதிப்பு முழுவதும் அந்த ஒரு நிறுவனத்தின் சொத்தாகிவிடும். என்ன கண்டுபிடித்தார்கள், திருத்தினார்களா என்று நாம் சரிபார்க்கவும் முடியாது. அதே கருவியைக் கவரிட்டி தனியுரிம நிறுவனங்களுக்கும் விற்றுக்கொண்டுதான் இருந்தது. வாங்கக் கூடாது என்று அவர்களை யாரும் தடுக்கவில்லை.

தனியுரிம மென்பொருளிடம் அரசுக்கு வேறொரு பிடி இருக்கிறது. அரசு அதை வாங்குகிறது. "மூன்றாம் தரப்புச் சோதனை அறிக்கை இல்லாமல் வாங்க மாட்டோம்" என்று டெண்டரில் எழுதலாம், சட்டமும் போடலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சைபர் தாங்குதிறன் சட்டம் 2024 டிசம்பரில் அமலுக்கு வந்தது, முழுக் கடமைகள் 2027 டிசம்பரிலிருந்து. சந்தையில் பொருளை விற்கிறவரே அதன் பாதுகாப்புக்குப் பொறுப்பு என்கிறது அது. திறந்த மூலத்தைப் பேணும் அமைப்புகளுக்குப் பொறுப்பு இலேசானது. சரியான பிரிவினை என்றே நினைக்கிறேன்.

பிழை எண்ணிக்கையைப் பார்த்தால் எது பாதுகாப்பானது?

கவரிட்டியின் 2012ஆம் ஆண்டு அறிக்கையில் ஆயிரம் வரிக்குத் திறந்த மூலம் 0.69, தனியுரிமம் 0.68. அடுத்த ஆண்டு 0.59, 0.72. இதை வைத்து எந்தப் பக்கமும் கொடி பிடிக்க வேண்டாம். கருவிக்குத் தெரிந்த வகைப் பிழைகளை மட்டுமே அது எண்ணுகிறது. சோதனைக்குக் கொடுக்கும் அளவுக்கு அக்கறை உள்ள நிறுவனங்களின் நிரல் மட்டுமே கணக்கில் வருகிறது. இந்த இரண்டாவது அறிக்கை வந்தது 2014 ஏப்ரலில். அதே மாதம் நடந்தது அடுத்த கேள்வி.

நிரல் திறந்திருந்தால் ஆயிரம் பேர் பார்ப்பார்களே, அப்புறம் எதற்குத் தனிச் சோதனை?

பார்க்கலாம் என்பதற்கும் பார்த்தார்கள் என்பதற்கும் உள்ள தூரத்தை ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை காட்டியது. இணையத்தில் தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகத்தில் 2011 டிசம்பர் கடைசியில் அந்தப் பிழை நுழைந்தது. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் உலகத்துக்குப் போனது. 2014 ஏப்ரல் 7 அன்றுதான் வெளியே தெரிந்தது. "இத்தனை எழுத்துகளைத் திருப்பி அனுப்பு" என்று பொய்யாக ஓர் எண்ணைச் சொன்னால், சர்வர் தன் நினைவகத்திலிருந்து 64 கிலோபைட் வரை அள்ளிக் கொடுத்துவிடும். அதில் கடவுச்சொல் இருக்கலாம், சர்வரின் ரகசியச் சாவியே இருக்கலாம். சுமார் ஐந்து லட்சம் பாதுகாப்பான தளங்கள் அதற்கு ஆளாகியிருந்தன.

கூகுளைச் சேர்ந்த நீல் மேத்தாவும், பின்லாந்தின் கோடனாமிகான் நிறுவனமும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். கவரிட்டியின் கருவி பிடிக்கவில்லை. அந்த மாதிரிப் பிழையைத் தேடும் விதி அதில் அப்போது இல்லை, பிறகுதான் சேர்த்தார்கள்.

அந்த நேரத்தில் ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர். முழு நேரமாக வேலை செய்தவர் ஒரே ஒருவர். உலகமே நம்பியிருந்த நிரலுக்கு இந்த நிலை என்று படித்த அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

பிழையைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் போதாதா? திருத்துவது அவர்கள் வேலைதானே?

போதாது. 2006இலேயே இதை எழுப்பியவர் உண்டு. அப்பாச்சி, ஓப்பன்எஸ்எஸ்எல் இரண்டிலும் பங்காற்றிய பென் லாரி, பிழையைத் தேடுவதற்குக் காசு கொடுக்கும் அரசு, திருத்துவதற்கு ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லையே என்று கேட்டார். நியாயமான கேள்வி. பணம் பல்கலைக்கழகத்துக்கும் இரண்டு நிறுவனங்களுக்கும் போனது, வேலை பராமரிப்பாளர் தலையில் விழுந்தது. ஸ்கேன் எடுத்து அறிக்கையைக் கையில் கொடுத்துவிட்டு, மருந்துக்குக் காசில்லாதவரை வீட்டுக்கு அனுப்புவது போன்றது இது.

கருவி சொல்வதெல்லாம் பிழையும் இல்லை. ஒவ்வோர் எச்சரிக்கையையும் நிரல் தெரிந்தவர் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் என்ற லினக்ஸ் வகையில் நடந்தது உதாரணம். நினைவகத்தைச் சோதிக்கும் கருவி ஒன்று ஓப்பன்எஸ்எஸ்எல்லின் சில வரிகளைப் பற்றி எச்சரித்தது. எச்சரிக்கையை நிறுத்த 2006இல் அந்த வரிகளை எடுத்துவிட்டார்கள். ஆனால் சாவி உருவாக்கத் தேவையான தற்செயல் தன்மையைச் சேர்த்ததே அந்த வரிகள்தான். விளைவு, ஒவ்வொரு சாவி வகையிலும் அளவிலும் சுமார் 32 ஆயிரம் சாவிகள்தான் உருவாக முடியும் என்றானது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம். 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடிக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை.

ஐரோப்பா என்ன செய்தது?

ஹார்ட்பிளீடுக்குப் பிறகு ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஜூலியா ரேடாவும் மாக்ஸ் ஆண்டர்சனும் முன்மொழிந்து ஃபோசா என்ற திட்டம் வந்தது. முதல் கட்டத்துக்கு 10 லட்சம் யூரோ. மக்களிடம் கருத்துக் கேட்டு, அப்பாச்சி வெப் சர்வரையும் கீபாஸ் கடவுச்சொல் பெட்டகத்தையும் 2016இல் தணிக்கை செய்தார்கள். பெரிய ஓட்டை எதுவும் கிடைக்கவில்லை. "அப்படியானால் காசு வீண்தானே" என்று சொன்னவர்கள் உண்டு. பாலத்தைச் சோதித்து உறுதியாக இருக்கிறது என்று தெரிந்துகொள்வதை நாம் வீண் என்பதில்லை.

இரண்டாம் கட்டம் 26 லட்சம் யூரோ. 2019 ஜனவரியிலிருந்து விஎல்சி, புட்டி, 7-ஜிப், நோட்பேட்++, ட்ரூபல் என்று 15 திட்டங்களுக்குப் பரிசு அறிவித்தார்கள். ஓட்டையைக் கண்டுபிடித்து முறையாகச் சொன்னால் பணம். இதைத்தான் பக் பவுண்டி என்கிறார்கள். புட்டிக்கு மட்டும் 90,000 யூரோ வரை. மார்ச்சில் வெளியான புட்டியின் புதிய பதிப்பு, இப்படிக் கிடைத்த ஓட்டைகளை அடைத்து வந்தது. ஜூன் மாதம் வந்த விஎல்சி 3.0.7, அதற்கு முன் வந்த எந்தப் பதிப்பையும்விட அதிகப் பாதுகாப்புத் திருத்தங்களைக் கொண்டிருந்தது.

அப்படியானால் பக் பவுண்டிதான் நல்ல வழியா?

பாதி வழி. விஎல்சியின் தலைவர் ஜான் பாப்டிஸ்ட் கெம்ப் அந்தப் பதிப்பு வந்தபோது எழுதியதில் நன்றியும் இருந்தது, சலிப்பும் இருந்தது. நேர்த்தியாக அறிக்கை அனுப்பிய ஆய்வாளர்கள் இருந்தார்கள், பணத்துக்காகத் தரக்குறைவாக நடந்துகொண்டவர்களும் இருந்தார்கள். வரும் ஒவ்வோர் அறிக்கையையும் பிரித்துப் பார்க்கும் வேலைக்கு யாரும் சம்பளம் தருவதில்லை. அண்மையில் இது இன்னும் மோசமாகிவிட்டது. ஏஐ எழுதித் தந்த பொய் அறிக்கைகள் குவிந்து, இணையத்தில் தகவல் பரிமாற உதவும் கர்ல் என்ற திறந்த மூலத் திட்டம் தன் பணப்பரிசையே நிறுத்த வேண்டி வந்தது. அது அரசுப் பணம் இல்லை, ஆனால் பாடம் ஒன்றுதான்.

வேறு எந்த நாடு இதைச் சரியாகச் செய்கிறது?

என் பார்வையில் ஜெர்மனி. அங்கே இரண்டு கைகளும் வேலை செய்கின்றன. தகவல் பாதுகாப்புக்கான கூட்டாட்சி அலுவலகம் 2021 முதல் திறந்த மூல நிரல்களைத் தணிக்கை செய்ய ஒரு தனித் திட்டம் நடத்துகிறது. ஜிட்சி, பிக்புளூபட்டன், மாஸ்டடான், கீபாஸ், வால்ட்வார்டன் போன்றவை அதில் வந்தன. குறைகளை முதலில் அந்த மென்பொருளை உருவாக்கியவர்களிடம் சொல்லி, அப்புறம் அறிக்கையை வெளியிடுகிறார்கள்.

இன்னொரு கை, 2022 அக்டோபரில் தொடங்கிய சாவரின் டெக் நிதி. இது பராமரிப்புக்கே பணம் தருகிறது. லினக்ஸின் திரைச்சூழலான கினோம் திட்டத்துக்கு 10 லட்சம் யூரோ கிடைத்தது. ஃபிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்துக்கு 6,86,400 யூரோ. 2021 டிசம்பரில் உலகத்தையே தூங்கவிடாமல் அடித்த லாக்4ஷெல் ஓட்டை இருந்ததே, அந்த லாக்4ஜே நூலகத்தைப் பராமரிப்பவர்களுக்கும் கொடுத்தார்கள். விபத்து நடந்த பிறகு வந்த பணம்தான். ஆனாலும் வந்தது.

தனியுரிம மென்பொருளை அரசுகள் சோதிப்பதே இல்லையா?

சோதிக்கின்றன, வேறு முறையில். காமன் கிரைட்டீரியா என்ற பன்னாட்டுச் சான்றிதழ் முறையில் நிறுவனமே ஆய்வகத்துக்குப் பணம் கட்டுகிறது. விண்டோஸ் 2000 இப்படி 2002இல் சான்று பெற்றது. சூசே லினக்ஸ் 2003இல் பெற்றது, அதற்குப் பின்னால் ஐபிஎம் நின்றது. பணக்காரத் துணை இல்லாத திறந்த மூலத் திட்டத்தால் அந்த வாசலை எட்டவே முடியாது.

மைக்ரோசாப்ட் 2003இலிருந்து அரசுகளுக்குத் தன் மூல நிரலை நிபந்தனைகளோடு காட்டுகிறது. பார்த்ததை வெளியே சொல்ல முடியாது என்பதால் நமக்கு அதனால் தெரியவருவது குறைவு.

எல்லாவற்றிலும் ஆழமாக நடந்தது பிரிட்டனில், ஹுவாவே கருவிகள் விஷயத்தில். 2010இல் பேன்பரி என்ற ஊரில் இதற்காகவே ஒரு மையம் திறந்தார்கள். செலவு ஹுவாவேயுடையது, மேற்பார்வை அரசுடையது. 2019 அறிக்கையைப் படித்தால் தலை சுற்றும். ஒரே பொருளுக்குள் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் 4 வெவ்வேறு பதிப்புகளின் 70 முழு நகல்கள் கிடந்தன. பழைய ஓட்டைகளோடு இருந்தவையும் அவற்றில் அடக்கம். பொது நிரலில் திருத்தம் எப்போதோ வந்துவிட்டது, மூடிய பொருளுக்குள் அது போய்ச் சேரவில்லை. இன்னொன்று, மூல நிரலைக் கையில் வைத்துக்கொண்டும், "இந்த நிரலிலிருந்துதான் இந்தக் கருவியில் ஓடும் மென்பொருள் வந்தது" என்று அவர்களால் முழுதாக உறுதி செய்ய முடியவில்லை. நிரலைக் காட்டுவது மட்டும் போதாது, அதை நாமே தொகுத்து ஒப்பிட்டுப் பார்க்க வழி வேண்டும். திறந்த மூலத்தில் அந்த வழி இயல்பாகவே திறந்திருக்கிறது.

சான்றிதழ் இருந்தால் பாதுகாப்பு என்று நம்பலாமா?

சான்றிதழ் ஒரு குறிப்பிட்ட பதிப்பை உறைய வைத்துப் பார்ப்பது. அமெரிக்க அரசு அலுவலகங்கள் பயன்படுத்தும் குறியாக்கத்துக்கு ஃபிப்ஸ் 140 சான்று வேண்டும். ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு அதை வாங்க, பாதுகாப்புத் துறையின் மருத்துவப் பொருள் வழங்கல் திட்டமும் பணம் போட்டது. 2006 ஜனவரியில் சான்று வந்தது, ஜூலையில் நிறுத்தினார்கள், 2007 பிப்ரவரியில்தான் திரும்பக் கிடைத்தது. உறைந்த பதிப்பில் ஓர் ஓட்டையைத் திருத்தினால் சான்றுக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். திருத்துகிறவருக்குத் தண்டனை மாதிரி ஆகிவிடுகிறது.

அரசிடம் காசு வாங்கினால் அரசின் பிடியில் சிக்கிவிடாதா?

பயப்பட வேண்டிய விஷயம்தான். 2001இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சிப் பிரிவான டார்பா, பென்சில்வேனியா பல்கலைக்கழகம் வழியாக ஓப்பன்பிஎஸ்டி என்ற திறந்த மூல இயங்குதளம் முதலியவற்றின் பாதுகாப்பு வேலைக்கு 20 லட்சம் டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஓப்பன்பிஎஸ்டியின் தலைவர் தியோ டி ராட் ஈராக் போரைப் பற்றித் தன் மனதில் பட்டதை ஒரு கனடியப் பத்திரிகையிடம் சொன்னார். 2003 ஏப்ரலில் பணம் நின்றது, கனடாவின் கால்கரியில் நிரலாளர்கள் கூடுவதற்குச் சற்று முன்.

பாதுகாப்பு ஓட்டை கைக்கு வந்ததும் அரசு அதைச் சொல்லுமா, ஒளித்து வைக்குமா என்பது இன்னும் பெரிய கேள்வி. விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை தனக்கென்று வைத்திருந்தது. அந்த ஓட்டை வழியாக நுழையும் கருவி 2017 ஏப்ரலில் கசிந்தது. மார்ச்சிலேயே மைக்ரோசாப்ட் திருத்தம் தந்திருந்தும், மே 12 அன்று அதைப் பயன்படுத்திய வான்னாகிரை என்ற பணம் பறிக்கும் நச்சுநிரல் 150 நாடுகளுக்கு மேல் பரவியது, பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஆகவே சோதனைக்குப் பணம் தரும் அலுவலகம், உளவு பார்க்கும் அலுவலகமாக இருக்கக் கூடாது. கண்டுபிடித்தவை எல்லாம் குறித்த நாளுக்குள் வெளிவர வேண்டும். இது எழுத்தில் இருக்க வேண்டும்.

சோதனையால் பிடிக்க முடியாத ஆபத்து உண்டா?

உண்டு. எக்ஸ்இசட் என்ற சுருக்கும் நூலகத்தை நீண்ட காலம் பராமரித்தவர் ஒருவரே, அவரும் களைத்துப் போயிருந்தார். "ஜியா டான்" என்ற பெயரில் ஒருவர் உதவிக்கு வந்து, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நல்ல வேலை செய்து நம்பிக்கை பெற்று, 2024இல் பின்கதவை (ரகசியமாக உள்ளே நுழையும் வழியை) வைத்தார். உள்நுழைவு அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டிய ஆண்ட்ரெஸ் பிராய்ண்ட் அதை மார்ச் 29 அன்று வெளிப்படுத்தினார். அந்தப் பராமரிப்பாளருக்கு முன்பே சம்பளமும் துணையும் இருந்திருந்தால், முகம் தெரியாதவரிடம் சாவியைக் கொடுக்கும் நெருக்கடி வந்திருக்குமா?

ஏஐ வந்தபிறகு இதெல்லாம் தேவைப்படுமா?

ஏஐ கொண்டு பிழையைத் தேடித் திருத்த டார்பா நடத்திய போட்டியின் இறுதிச் சுற்று 2025 ஆகஸ்டில் முடிந்தது. வேண்டுமென்றே நட்டு வைத்த பிழைகளில் 54ஐத் தானியங்கி அமைப்புகள் கண்டுபிடித்தன, 43க்குத் திருத்தமும் எழுதின. யாரும் வைக்காத 18 உண்மையான ஓட்டைகளும் அகப்பட்டன. திருத்தத்துக்கும் மதிப்பெண் கொடுத்தது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அந்தத் திருத்தத்தைப் படித்து ஏற்பவர் இன்னும் மனிதர்தான்.

இந்தியாவில் என்ன நிலைமை?

மத்திய அரசு 2015இல் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தரும் கொள்கையை அறிவித்தது. காமன் கிரைட்டீரியா சான்றை இங்கே எஸ்டிகியூசி என்ற மத்திய அரசு அமைப்பு தருகிறது. அரசுத் தளங்களைத் தணிக்கை செய்யும் நிறுவனங்களின் பட்டியலை, கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் வைத்திருக்கிறது. ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு நிரலை 2020 மே மாதம் திறந்து, பரிசும் அறிவித்தார்கள்.

பாஸ் லினக்ஸை உருவாக்குவது சென்னையில் உள்ள சி-டாக் என்ற மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம். அது டெபியன் மேல் கட்டியது. டெபியனில் சேரும் ஒவ்வொரு திருத்தமும், அதற்கு எந்த நாட்டு வரிப்பணம் போயிருந்தாலும், நமக்கும் வருகிறது. ஏரித் தண்ணீரை நாமும் எடுக்கிறோம். மதகுக்கு நம் பங்கைக் கொடுக்க ஜெர்மனியைப் போல ஒரு நிதி இங்கேயும் வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன்.

நான் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தால் என்ன செய்வது?

பொதுவெளியில் போடாதீர்கள். திட்டத்தின் பாதுகாப்பு முகவரிக்குத் தனியாக எழுதுங்கள். பெரும்பாலும் மூலக் கோப்புகளோடு அந்த முகவரி இருக்கும். இந்திய அரசுத் தளம் என்றால் செர்ட்-இன்னிடம் சொல்லலாம். எந்தப் பதிப்பு, என்ன செய்தால் பிழை வருகிறது என்று நீங்களே ஓட்டிப் பார்த்து எழுதுங்கள். திருத்த அவகாசம் கொடுங்கள், 90 நாள் என்பது பலரும் பின்பற்றும் வழக்கம். முடிந்தால் திருத்தத்தையும் எழுதி இணையுங்கள். லிபர்ஆபிஸ், மாஸ்டடான் முதலியவற்றுக்கு 2022இல் ஐரோப்பிய ஆணையம் பரிசு அறிவித்தபோது, திருத்தத்தோடு வந்தவர்களுக்கு 20 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தது.